ஒரு பன்றித் தொடையும் என் இடது புருவமும்

நான் ஒரு முழுப் பன்றித் தொடையைப் பாழாக்கியிருக்கிறேன். ஒரு புருவத்தையும் இழந்திருக்கிறேன். இரண்டும் ஒரே மத்தியானத்தில், ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்தில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில், மாமியாரின் முன்னிலையில் நடந்தன. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. மன்னிப்புக் கேட்கச் சொன்னால் மட்டும் மாட்டேன். அன்றும் கேட்கவில்லை.

என் கணவன் ஷோன் அயர்லாந்துக்காரன். கோர்க் நகரத்தில் பிறந்து, வேலைக்கென்று இங்கே வந்து, என்னிடம் மாட்டிக்கொண்டவன். நான் பீலெஃபெல்டிலேயே பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. (தீபாவளிக்கு லீவு தராத நாட்டில் வளர்ந்ததால், லீவு தருகிற கிறிஸ்துமஸை விடாமல் கொண்டாடும் இந்துக் குடும்பம் எங்களுடையது.) கலியாணத்துக்குப் பின் வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு கோர்க் போவதாக இருந்தோம். நான் மருத்துவமனைத் தாதி. இருபத்தேழாம் திகதி காலையில் எனக்கு வேலை போட்டுவிட்டார்கள். அப்போதுதான் ஷோனின் அம்மா, நோரீன் மாமி, தொலைபேசியில் சொன்னார்:

"பரவாயில்லை பிள்ளை, நான் அங்க வாறன். ஹாமையும் புடிங்கையும் பெட்டிக்குள்ள வைச்சுக் கொண்டு வாறன். அங்க நல்ல பன்றி இறைச்சி கிடைக்காதெல்லோ."

(அவர் பேசியது கோர்க் ஆங்கிலம். அதை யாழ்ப்பாணத் தமிழில் எழுதுவதுதான் நியாயம். இரண்டுமே வேகமாக ஓடும். வெளியூர்க்காரருக்கு இரண்டும் பிடிபடாது.)

ஜெர்மனியில் பன்றி இறைச்சி கிடைக்காதாம். மரக்கறி சூப் கேட்டாலும் அதற்குள் நாலு துண்டு பன்றி மிதக்கிற நாடு இது. அதுவரை எனக்குள் எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியாத ஒரு தேசப்பற்று கிளம்பியது.

"நீங்கள் ஒண்டும் கொண்டுவர வேண்டாம் மாமி. முழுச் சாப்பாடும் நான் செய்யிறன்" என்றேன்.

பக்கத்தில் இருந்த ஷோன் வேண்டாம் என்று கையை ஆட்டினான். நான் அவனுக்கு முதுகைக் காட்டினேன்.

அயர்லாந்துக் கிறிஸ்துமஸ் சாப்பாடு லேசான காரியமில்லை. உருளைக்கிழங்கை மசித்தும் வைக்க வேண்டும், வாட்டியும் வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்தால் குடும்பத்தில் பேச்சுவார்த்தை முறிந்துவிடும். நெல்லிக்காய் அளவிலான குட்டிக் கோவாக்களை, அதாவது முட்டைக்கோசுகளை, அவித்து வைக்க வேண்டும். அதை ஒருவருக்கும் பிடிக்காது, ஆனால் வைக்காவிட்டால் எல்லாரும் கேட்பார்கள். கடைசியில், உலர்ந்த பழங்கள் போட்டு மணிக்கணக்கில் ஆவியில் அவித்த கறுப்புப் புடிங். அதன் தலையில் விஸ்கி ஊற்றி, நெருப்பு வைத்து, மேசைக்குக் கொண்டுவர வேண்டும். இவற்றுக்கெல்லாம் நடுவில் ராஜா மாதிரி ஹாம், அதாவது முழுப் பன்றித் தொடை.

"பச்சை ஹாம் வாங்கவேணும்" என்று ஷோன் விளக்கினான். "உப்பில ஊறினது. அதை முதல்ல அவிச்சு, பிறகு கடுகும் சீனியும் பூசி அவண் அடுப்பில வைக்கிறது."

நான் இறைச்சிக் கடைக்குப் போய், 'பச்சை ஹாம்' என்பதை அப்படியே ஜெர்மனில் கேட்டேன். ஜெர்மனில் அது வேறு பொருள். உப்புப் போட்டு, புகையில் தொங்கவிட்டு, மாதக்கணக்கில் காயவைத்த தொடை அது. கடதாசி போலச் சீவிப் பாண் ரொட்டியில் வைத்துத் தின்பார்கள், யாரும் அவிப்பதில்லை. இந்த நாட்டிலேயே பிறந்த உனக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அன்று ஞாபகம் வரவில்லை. (ரோஷத்தோடு மொழிபெயர்க்கக் கூடாது.)

"மெல்லிசாகச் சீவித் தரவா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"வேண்டாம், முழுசாக. எலும்போடு."

"எத்தனை பேருக்கு?"

"நாலு பேருக்கு."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

இருபத்தைந்தாம் திகதி காலை ஏழு மணிக்கே தொடை என் அம்மாவின் பெரிய கிடாரப் பானைக்குள் இறங்கியது. ஒன்பது மணிக்கு வீடு முழுக்க விறகடுப்பு வாசம். முதல்நாள் வந்திறங்கிய நோரீன் மாமி இரண்டு தடவை குசினி வாசலுக்கு வந்தார். இரண்டு தடவையும் உள்ளே விடவில்லை. "கொஞ்சம் புகை மணக்குது" என்றார். "அதுதான் ஜெர்மன் தரம்" என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு என் அம்மா வந்தார், கையில் ஒரு சட்டியோடு.

"என்னம்மா இது?"

"ஆட்டிறைச்சிக் கறி. அடியில சோறும் கிடக்கு. சும்மா, ஒரு அவசரத்துக்கு."

"இண்டைக்கு ஒரு அவசரமும் வராது" என்று சட்டியைப் பறித்துப் பால்கனியில் வைத்தேன். "இதை ஆராவது திறந்தால் நான் கதைக்கமாட்டன்."

இரண்டு மணிக்கு மேசையில் அமர்ந்தோம். நோரீன் மாமி கொண்டுவந்த கடதாசிக் கிரீடங்களை எல்லாரும் தலையில் வைத்துக்கொண்டோம். (சாப்பிடும்போது கிரீடம் வைப்பது அவர்கள் வழக்கம். அம்மாவுக்கு அது கொண்டையில் நிற்கவில்லை. ஊசி குத்தி நிறுத்தினார்.) ஹாம் பளபளவென்று வந்தது. ஷோன் கத்தியை வைத்தான். கத்தி இறங்கவில்லை. பாண் வெட்டும் வாள்க்கத்தியை எடுத்துவந்து, எழுந்து நின்று அறுத்தான்.

எல்லாரும் ஒரு வாய் வைத்தோம். மென்றோம், மென்றுகொண்டே இருந்தோம். வாயில் இருந்தது செருப்புத் தோல், அதுவும் உப்பளத்தில் கிடந்த செருப்பு. ஷோனின் கண்ணில் நீர் வந்தது.

அம்மா தமிழில் மெதுவாகக் கேட்டார். "பிள்ளை, இது கருவாடோ?"

"என்னவாம்?" என்றார் நோரீன் மாமி.

"ஊரில சாப்பிட்ட ஒரு சாமான் ஞாபகம் வருதாம்" என்று மொழிபெயர்த்தேன். பொய் இல்லை.

"எனக்கும்தான்" என்றார் அவர். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அவர்கள் வீட்டில் இறைச்சி கிடையாதாம். உப்புப் போட்டுக் காயவைத்த மீன்தானாம். பலகை மாதிரி இருக்குமாம். வீட்டில் ஒருவருக்கும் பிடிக்காதாம். வேண்டாம் என்று சொல்லவும் ஒருவருக்கும் துணிவில்லையாம். இதை அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா முதல் தடவையாக அவரை உற்றுப் பார்த்து, "அங்கயும் கருவாடு இருக்கோ?" என்றார். அதன் பிறகு இருவருக்கும் நான் தேவைப்படவில்லை. கையாலும் அம்மாவின் அரைகுறை ஆங்கிலத்தாலும் கதைக்கத் தொடங்கினார்கள்.

நான் மட்டும் மூன்று துண்டு சாப்பிட்டேன். நாலாவதையும் எடுத்தேன். "அருமையாக இருக்கு" என்றேன். ஷோன் என் பக்கம் தண்ணீர் ஜாடியைத் தள்ளினான்.

கொஞ்ச நேரத்தில் நோரீன் மாமி சிகரெட் பிடிக்கப் பால்கனிக்குப் போனார். துணைக்கென்று அம்மாவும் போனார். நல்லது, அவர்கள் வருவதற்குள் புடிங்கைத் தயார் செய்வோம் என்று எழுந்தேன். புடிங்கில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிட்டும் இடியப்பமும் அவித்த பரம்பரைக்கு ஆவியைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பிட்டுப் பானையில் ஆறு மணி நேரம் அவித்து வைத்திருந்தேன். விஸ்கிதான் இல்லை, முதல்நாளே ஷோன் முடித்துவிட்டான். அலமாரியில் ஒரு ரம் போத்தல் இருந்தது. ஜெர்மன்காரர் குளிர்காலத்தில் சீனிக்கட்டியில் ஊற்றிக் கொளுத்துகிற சாமான். கொளுத்துவதற்கென்றே உள்ளது என்றால் இன்னும் நல்லதுதானே என்று தாராளமாக ஊற்றினேன். மேசைக்குக் கொண்டுவந்து, குனிந்து நெருப்புக்குச்சியை வைத்தேன்.

நீல நெருப்பு அழகாகத்தான் வந்தது. ஆனால் அது மேலே வந்தது. என் கடதாசிக் கிரீடம் பிடித்துக்கொண்டது. ஷோன் பாய்ந்து, ஜாடித் தண்ணீர் முழுவதையும் என் தலையில் ஊற்றினான். கூரையில் புகை அலாரம் அலறியது. புகையை வெளியேற்ற ஓடிப்போய்ப் பால்கனிக் கதவைத் திறந்தேன்.

வெளியே இரண்டு அம்மாக்களும் குளிர்ச்சட்டையும் கிரீடமுமாக நின்றார்கள். நடுவில் சட்டி, திறந்தபடி. நோரீன் மாமியின் வாய் நிறையச் சோறு. குளிர்ந்த கறியை அம்மா குழைத்து உருண்டை பிடித்துக் கொடுக்க, அவர் கையேந்தி வாங்கிக்கொண்டிருந்தார். என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பிள்ளை, உன்ர புருவம் எங்க?" என்றார் அம்மா.

"சட்டியை ஆர் திறந்தது?" என்றேன் நான்.

"நான்தான்" என்று நோரீன் மாமி விழுங்கிவிட்டுச் சொன்னார். "எனக்கு எழுபது வயசு. பசி தாங்க ஏலாது."

புடிங் பிழைத்துக்கொண்டது என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே கறுப்பு, கருகியது தெரியவில்லை. நோரீன் மாமி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். என் புருவம் மார்ச் மாதம்தான் திரும்பி வந்தது, அதுவும் பாதி. நோயாளிகள் கேட்டபோதெல்லாம், "ஹாம் செய்தேன்" என்று மட்டும் சொன்னேன்.

மிச்சத் தொடையை எறிய நான் சம்மதிக்கவில்லை. மறுநாள் அம்மா அதை நூல் நூலாகச் சீவி, வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டு மொறுமொறுவென்று பொரித்து, தேசிக்காய் பிழிந்தார். மற்ற நாளில் பன்றியைத் தொடாத அம்மா, இதுவும் கருவாடுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தானும் சாப்பிட்டார். நோரீன் மாமி ஒரு போத்தல் நிறையக் கோர்க்குக்குக் கொண்டுபோனார். அங்கேதான் வினை. இப்போது ஒவ்வொரு நவம்பரும் தொலைபேசி வருகிறது: "பிள்ளை, இந்த முறையும் அந்தத் தொடையைப் பிழையா அவி. சரியா அவிச்சிடாத."

போன வருடம் கோர்க் போயிருந்தோம். ஷோனின் பெரியம்மா மேசைக்கு எதிரிலிருந்து மிகவும் பயபக்தியோடு என்னிடம் கேட்டார், இலங்கை இந்துக்கள் எத்தனை தலைமுறையாகக் கிறிஸ்துமஸுக்கு இந்த ஹாமைச் செய்கிறார்கள் என்று. நோரீன் மாமி அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். ஷோன் மேசைக்கடியில் என் காலை மிதித்தான்.

"எங்கட கொப்பாட்டன் காலத்தில இருந்து" என்றேன்.