வராதேன்னு எங்க எழுதியிருக்கு?

"வராதேன்னு எங்க எழுதியிருக்கு? ஒரு எழுத்தக் காட்டுங்க டீச்சர்."

மூக்கையா கடிதத்தை ஷாமிளாவிடம் நீட்டினார். கொழும்பிலிருந்து மகன் கிருஷ்ணகுமார் எழுதியது. 'இங்கே ஒரே அறை. தண்ணீர் இரண்டு மணி நேரம்தான் வரும். உங்களுக்குத் தோட்டத்துக் காற்றுத்தான் ஒத்துக்கொள்ளும்.' இதைப் படித்துவிட்டுத்தான் எழுபத்திரண்டு வயது மனுஷன் மனைவியோடு மகன் வீட்டுக்குக் குடிபோக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

தோட்டப் பள்ளிக்கூட டீச்சர் ஷாமிளாவுக்குப் பொறுக்கவில்லை. வயதானால் எழுதினது தெரியும், எழுதாமல் விட்டது பிடிபடாது என்று போன வாரம்தான் தெஹியோவிட்டவில் நடந்த பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பாடத்துக்கு உதாரணம், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், பக்கத்து அறையான மூக்கையாவின் காம்பிராவிலேயே கிடைத்ததில், உண்மையைச் சொன்னால், அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமும்கூட.

"தண்ணி ரெண்டு மணி நேரந்தான் வரும்னு ஏன் எழுதுறாரு தாத்தா? நல்லா யோசிங்க."

"வாளி கொண்டாரச் சொல்றான்."

மூட்டையில் இரண்டு வாளி ஏறியது.

"ஒரே அறைன்னா?"

"எல்லாரும் ஒண்ணா இருக்கலாங்கிறான்."

"சரி, காத்து?"

மூக்கையா தாடையைச் சொறிந்தார். "அங்க புழுக்கம் போல. ஃபேன் ஒண்ணு வாங்கணும்." அன்றைக்கே கோழிகளை விற்றுவிட்டார்.

விடுகிற ஆளா டீச்சர்? கபூர் கடைக்குப் போய்க் கிருஷ்ணகுமாருக்கு டெலிபோன் எடுத்தாள்.

"கொஞ்சம் வெளிப்படையா எழுதுங்களேன்."

"பெத்தவங்களுக்கு அப்படி எழுத முடியுமா டீச்சர்? சாடையாத்தான் எழுதணும்."

அடுத்த கடிதம் வந்தது. 'பஸ்ஸில் வந்தால் அப்பாவின் முழங்கால் தாங்காது.'

"பாத்தீங்களா, பஸ்ல வர வேணாங்கிறான்" என்றார் மூக்கையா. வேன் பேசினார். அதற்காக ஆடும் விலைக்குப் போனது. இனி அந்தக் காம்பிராவில் அவருடையது என்று சொல்ல அடுப்புக்கல் மூன்றுதான் மிச்சம்.

வேன் வந்து லயத்து வாசலில் நின்றபோது ஷாமிளா பொறுமையிழந்து போட்டு உடைத்தாள். "உங்களுக்குக் கடுதாசி புரியல தாத்தா. உங்க மகன் உங்கள வர வேணாங்கிறாரு."

லயமே கேட்டுக்கொண்டிருந்தது. மூக்கையா கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வாளிகளைத் தூக்கி வேனுக்குள் வைத்தார். ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது ஷாமிளாவுக்கு.

ஒரு எழுத்தும் தெரியாத அவர் மனைவி சின்னம்மா கிட்டே வந்து ஷாமிளாவின் கையைப் பிடித்தாள்.

"மொத வரியிலேயே அவருக்குப் புரிஞ்சிருச்சு டீச்சரம்மா. காம்பிராவக் காலி பண்ணச் சொல்லிப் போன மாசம் தோட்டத்து ஆபீஸ்ல இருந்தும் ஒரு கடுதாசி வந்துச்சு, எங்க போறதுன்னுதான் அதுல எழுதல."