இர்மெலியின் காளான் இடமும் என் நீலப் புள்ளியும்

இந்த வருஷம் கண்டுபிடித்தே தீருவது என்று ஜூன் மாதமே சபதம் எடுத்துவிட்டேன். புதையலை அல்ல. என் மனைவி இர்மெலி மஞ்சள் காளான் பறிக்கும் இடத்தை.

எங்கள் மிக்கேலி ஊரில் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால்கூடச் சொல்லிவிடுவார்கள். காளான் இடம் எது என்று கேட்டால் வானத்தைப் பார்த்து மழை வருமா என்பார்கள். கட்டிய புருஷனுக்கும் அதே பதில்தான். இருபத்தாறு வருஷமாக ஒரே வீடு, ஒரே கட்டில், ஒரே சவுனா நீராவிக் குளியல். காட்டுக்கு மட்டும் அவள் தனியாகப் போவாள், கூடை நிறையக் கொண்டுவருவாள். நான் ஐந்து மணி நேரம் அலைந்து ஆறு காளானும் அறுபது கொசுக்கடியுமாகத் திரும்புவேன். "பரவாயில்லையே, ஒரு ஆம்லெட்டுக்கு ஆகும்" என்பாள். எனக்கு வயிறு எரியும்.

அதனால்தான் அவள் பிறந்தநாளுக்குப் போன் வாங்கினேன். பக்கத்து வீட்டு ரெய்யோ ஆயிரம் யூரோ போன் வைத்திருப்பவன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எவ்வளவு?"

"இருநூத்தி எழுபத்தொம்பது."

"அப்ப பேச மட்டும்தான் முடியும்."

"யோவ், ரெண்டு நாள் சார்ஜ் நிக்கும்யா! தண்ணில விழுந்தாலும் சாகாது. கேமரா இருக்கே, எறும்புக்கு மீசை இருந்தா எண்ணிடலாம்!"

"எறும்பு மீசையை இர்மெலி கேட்டாளா?"

"இல்ல. எனக்கு வேண்டியது வேற." குரலைத் தாழ்த்தினேன். "அந்தப் போன் எங்க போனாலும் என் போன்ல நீலப் புள்ளியாத் தெரியும்."

ரெய்யோ முதல் முறையாக என்னை மரியாதையோடு பார்த்தான். "உன் தலைக்குள்ளயும் ஏதோ இருக்குய்யா."

இர்மெலிக்குத் தலைகால் புரியவில்லை. நாயைப் படம் எடுத்தாள். நாய் தின்ற தட்டைப் படம் எடுத்தாள். தங்கையைக் கூப்பிட்டு முக்கால் மணி நேரம் போனைப் பற்றிப் போனிலேயே பேசினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் தௌனோ, போன பிறந்தநாளுக்குப் பனி அள்ளுற மண்வெட்டி குடுத்தே. இப்ப என்ன திடீர்னு இவ்வளவு பாசம்?"

"பாசத்துக்குக் காரணம் வேணுமா?"

"எல்லாத்தையும் நீயே செட் பண்ணிட்டியா?"

"ஆமா. நீ எதையும் நோண்ட வேணாம்."

"உன்னை மாதிரி புருஷன் கெடைக்க நான் குடுத்து வெச்சிருக்கணும்."

மனசு கொஞ்சம் குத்தியது. ஒரு நிமிஷம்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் வைத்து, "போனை எடுத்துக்கிட்டியா?" என்றேன்.

"எடுக்காம? வழி தப்பினா நீதானே வந்து தேடணும்!"

புள்ளி நகர்ந்தது. ஏரியைச் சுற்றியது. மண் பாதையில் திரும்பியது. காட்டுக்குள் நுழைந்து, நின்றது! ஐஸ் ஹாக்கி இறுதி ஆட்டத்தில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. நாய் மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. ஒன்றேகால் மணி நேரம் புள்ளி அசையவில்லை. இர்மெலி வீட்டுக்கு வந்தபோது கூடை தளும்பியது.

மறுநாள் காலை, "மீன் பிடிக்கப் போறேன்" என்றேன்.

"தூண்டில் இல்லாமயா?"

திரும்பி வந்து தூண்டிலையும் எடுத்துக்கொண்டேன். அதைத் தூக்கிக்கொண்டே காட்டுக்குள் நடந்தேன். கிளையெல்லாம் கொக்கியைப் பிடித்து இழுத்தது. சேற்றில் முழங்கால்வரை புதைந்தேன். கவலையே இல்லை. சீட்டியடித்துக்கொண்டே போனேன். புள்ளி நின்ற அதே இடத்துக்கு வந்து சேர்ந்தேன்.

காளான் ஒன்றுகூட இல்லை. ஒரு மரக்கட்டை. அதன் மேல் பிளாஸ்க். பக்கத்தில் இரண்டு பெரிய காலி வாளி. என் போன் அடித்தது.

"சேர்ந்துட்டியா?" என்றாள் இர்மெலி.

"எ... எங்க?"

"உன் புள்ளி நின்னுடுச்சே, அதான் கேட்டேன்."

"என் புள்ளியா?"

"ரெண்டு பக்கமும் தெரியுற மாதிரிதானே செட் பண்ணியிருக்கே? 'உங்க இடத்தைத் தௌனோ பார்க்கிறார்'னு மொத நாளே போன் சொல்லிடுச்சுப்பா."

"நேத்து இங்கதானே ஒன்னேகால் மணி நேரம் இருந்தே?"

"போன் இருந்துச்சு, கட்டை மேல. நான் இல்ல. சரி, சுத்திப் பாரு, சிவப்புப் பழம் கொட்டிக் கெடக்கா? ரெண்டு வாளியையும் நிரப்பிடு. எனக்குக் குனிஞ்சா முதுகு வலிக்குது. பிளாஸ்க்ல காப்பி இருக்கு. நேத்து வெச்சது, ஆறிப்போயிருக்கும்."

பறித்தேன். வேறென்ன செய்வது? பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அவள் புள்ளியைப் பார்த்தேன். வீட்டைவிட்டு அசையவில்லை. நான் தோற்றாலும் அவளும் இன்று காளான் பறிக்கவில்லை என்பதில் ஒரு அற்ப சந்தோஷம்.

இரண்டு வாளியோடும் நிமிராத முதுகோடும் சாயங்காலம் வீடு திரும்பினேன். சமையலறையில் வெண்ணெய் வாசனை. மேஜை மேல் கூடை நிறைய மஞ்சள் காளான், பாசிகூட உதிராமல்.

"இது எப்போ பறிச்சே?"

"இன்னிக்குத்தான். நீ அங்க போய்ச் சேர்ந்ததும் கெளம்பினேன்."

"உன் புள்ளி வீட்லயேதானே இருந்துச்சு!"

"போனை வெச்சுட்டுப் போனேன்." காளானை என் தட்டில் வைத்தாள். "முன்னெல்லாம் நீ பின்னாடியே வந்துடுவியோன்னு பயந்து பயந்து பறிப்பேன். இப்ப நீ எங்க இருக்கேன்னு பார்த்துட்டு நிம்மதியாக் கெளம்புறேன். ரொம்ப நல்ல போன், தௌனோ."