தாடை கட்டிய மத்தியானம்

உயிரோடு இருக்கும்போதே தனக்கு வைக்கும் ஒப்பாரியைத் தன் காதாலேயே கேட்கும் கொடுப்பினை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எனக்குப் பத்து வயதிலேயே வாய்த்தது.

பிரெஞ்சுக் கொடியை இறக்கி நம் கொடியை ஏற்றிய மறு வருஷம் அது. உப்பளம் என்ற பேட்டையில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் சரக்குப் படகில் வேலை. எனக்குத் தூங்குவதுதான் வேலை. இரவெல்லாம் குறட்டை விட்டு, மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்து, மறுபடி படுத்து, விடியும்போது அசந்துபோயிருப்பேன். பாக்கித் தூக்கத்தைப் பள்ளிக்கூடத்தில் தூங்குவேன்.

முகமும் அதற்கேற்ற முகம். மூக்கால் மூச்சு விட வராததால் வாய் எந்நேரமும் திறந்தே இருக்கும். முகம் நீண்டு, மேல்பல் முன்னுக்கு வந்து, கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. வகுப்பில் எனக்குக் 'கெளுத்தி' என்று பெயர். (அந்த மீனுக்கு மீசை உண்டு. எனக்கு அது ஒன்றுதான் குறை.)

அக்கா கமலாவைப் பெண் பார்க்க உழவர்கரையிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். எங்கள் வீடு ஒரு கூடமும் ஒரு அறையும்தான். அம்மாவுக்கு என் குறட்டையை நினைத்துத்தான் கவலை.

"அவங்க வந்து உக்கார்ற நேரத்துல இவ உள்ள ரம்பம் அறுத்தான்னா, இந்தக் குடும்பத்துக்கே நோவுன்னு எழுந்து போயிடுவாங்க" என்றாள்.

"நான் தூங்கவே மாட்டேம்மா" என்றேன். (வாக்குக் கொடுப்பதில் நான் அப்போதே தாராளம்.)

அம்மா நம்பவில்லை. வெள்ளை வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்து, தாடைக்கு அடியில் கொடுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். வாய் மூடினால் குறட்டையும் மூடிக்கொள்ளும் என்பது அவள் எண்ணம். நல்ல வேளை, தளர்த்தியாகக் கட்டினாள். உதட்டோரமாகக் கொஞ்சம் காற்று வந்தது. வருகிறவர்கள் தப்பித்தவறி எட்டிப் பார்த்தால் நன்றாக இருக்க வேண்டுமே என்று புதுப் பாவாடை கட்டி, பூ வைத்து, பெரிய பொட்டும் இட்டாள். பாவாடை கசங்காமலிருக்க, பாயில் நேராக மல்லாக்கப் படுக்க வைத்தாள். படுத்த உடனே தூங்கிப்போனேன்.

அடுத்து நடந்தது அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒத்தாசைக்காக, அப்பாவின் அக்கா அஞ்சலை அத்தை கனகசெட்டிக்குளத்திலிருந்து வந்தாள். நேராக அறைக்குள் எட்டிப் பார்த்தாள். என் மூச்சுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நின்றுவிடும், நெஞ்சும் அசையாது. பிறகு ஒரு விக்கலோடு திரும்பி வரும். அத்தை பார்த்தது அது நின்றிருந்த நேரத்தில்.

"என் கண்ணே, நீயும் போயிட்டியாடி..."

கரையில் நின்று கூப்பிட்டால் கடலில் இருக்கும் படகு திரும்பும், அப்படிப்பட்ட குரல். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்து மாரடிக்க ஆரம்பித்தார்கள். யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. என் கோலமே போதுமானதாக இருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வருவதற்குள் உழவர்கரைக்காரர்கள் பழத்தட்டோடு தெருமுனைக்கு வந்துவிட்டார்கள். எந்த வீட்டில் சாவு என்று கேட்டார்கள். தெரிந்ததும் வந்த வழியே திரும்பிப் போனார்கள்.

சத்தத்தில் விழித்து எழுந்து உட்கார்ந்தேன். கட்டிய வாயோடு, "மாப்ள வீட்ல வந்துட்டாங்களா?" என்று கேட்டேன். இரண்டு பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். விஷயம் புரிந்ததும் கூடமே சிரித்தது.

அத்தை மட்டும் அழுகையை நிறுத்தவில்லை.

"பாருங்க அண்ணி, புள்ள நல்லாத்தான் இருக்கா" என்று அம்மா முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள்.

அத்தை என் முகத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். "எம் புள்ளையும் இப்டித்தான் வாயத் தொறந்துகினு தூங்குவான். இதே மாதிரி நீட்டு மூஞ்சி. நடுநடுவுல மூச்சு நிக்கும். தானா வந்துடும்னு இருந்தேன். ஒரு நாளு வரல."

நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன மகன். காய்ச்சலில் போனான் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை நிஜமாகவே அழுதார்கள்.

மறுநாள் அத்தை என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து மூச்சை அடைக்கிறது, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

"முன்னாடியே கொண்டாந்திருந்தா எடுத்திருக்கலாமா முசே?" என்று பிரெஞ்சு மரியாதையோடு கேட்டாள் அத்தை.

"எடுத்திருக்கலாம்மா."

என்னைப் பற்றிக் கேட்கிறாள் என்றுதான் அவர் நினைத்தார். அத்தை தலையை ஆட்டிக்கொண்டாள்.

சதையை எடுத்தார்கள். குறட்டை போனது, முகம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. உழவர்கரைக்காரர்கள் சகுனம் சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். பிறகு அக்காவுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. இன்றும் எங்களுக்குள் சண்டை வந்தால், "எழவு விழுந்து என் மாப்ளையத் தொரத்துனவதானே நீ" என்பாள்.

வீட்டு விசேஷங்களில் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. அத்தை இருந்தவரை அவளேதான் சொல்வாள். நான் எழுந்து உட்கார்ந்து மாப்பிள்ளையைக் கேட்டதை, என்னைப் போலவே வாயைப் பிளந்து நடித்துக் காட்டுவாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். அதோடு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்று சின்னப் பிள்ளைகள் கேட்பார்கள்.

"அப்புறம் என்ன? அதான் புள்ள எழுந்துகினாளே" என்பாள்.