மாமாவின் பத்தாவது புள்ளி

"மாமா மேல இருந்த புள்ளியெல்லாம் எங்க?" என்று புரூஃப் அண்ணன் கேட்டபோது ஒட்டடைக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது.

"குளிப்பாட்டிட்டேன் அண்ணே. எப்படிப் பளபளன்னு இருக்காரு பாருங்க!"

அண்ணன் பார்க்கவில்லை. கையிலிருந்த தாள்களை அவள் மேசையில் வைத்து, ஒரு பத்தியின் மேல் பென்சிலால் தட்டினார்.

"டாக்டரோட முன்னுரை இப்பத்தான் வந்துச்சு. படி."

மாமா என்பது ஒரு படம். முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கப்பல் வைத்தியர் எழுதிய அறுவை சிகிச்சைப் புத்தகத்தின் நாற்பதாம் பக்கத்தில், தையற்காரரிடம் அளவு கொடுக்கிறவர் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பார். அவருக்கு முந்தின பக்கத்தில் கால் அறுக்கும் ரம்பம். அடுத்த பக்கத்தில் பல் பிடுங்கும் குறடு. நடுவில் இவர் மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் லேசாகச் சிரித்துக்கொண்டிருப்பார். அந்தச் சிரிப்புக்காகவே பதிப்பகத்தில் எல்லோரும் அவரை மாமா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

ஒட்டடை என்பது அவளுடைய பட்டப்பெயர். பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாகக் கறை, பூச்சி அரித்த ஓட்டை, யாரோ வைத்த விரல் அடையாளம் எல்லாவற்றையும் துடைத்து, மறுபதிப்புக்குத் தயார் செய்வது அவள் வேலை. ஆளும் ஒட்டடைக்குச்சி மாதிரி ஒல்லி, உயரம். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

அவள் முன்னுரையைப் படித்தாள்.

'இந்நூலின் உயிர் நாற்பதாம் பக்கத்து ஒன்பது புள்ளிகளே. உலகில் வேறெந்தப் பிரதியிலும் இவை இல்லை. ஆகவே என்னிடமுள்ள பிரதி அக்கப்பல் வைத்தியரே கைப்படப் புள்ளியிட்டு வைத்துக்கொண்ட சொந்தப் பிரதி என்பது தெளிவு. அழுத்தினால் நோய் தீரும் ஒன்பது இடங்கள்! இதை உலகுக்குச் சொல்லவே இம்மறுபதிப்பு.'

"அண்ணே," என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நான் அதை ஈ எச்சம்னு நெனச்சேன்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம. நான் எப்பவாவது அரைகுறையா வேலை பார்த்திருக்கேனா?"

"துடைக்கிறதுக்கு முந்தின ஸ்கேன் இருக்குமே?"

"கழுவினதுக்கு அப்புறம் அழுக்கு எதுக்கு, கம்ப்யூட்டர்ல இடமில்ல, அழின்னு முதலாளி சொன்னாரு. அழிச்சுட்டேன்."

அசல் புத்தகமும் கையில் இல்லை. அது முன்னுரை எழுதிய டாக்டரின் சொத்து. பாதி வாழ்க்கையைக் கப்பல்களில் வைத்தியம் பார்த்துக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவர். ஸ்கேன் முடிந்த அன்றே ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டுவிட்டார்.

ஒட்டடை பயந்தது டாக்டரின் கோபத்துக்கு அல்ல. டாக்டரிடம் இன்னொரு புத்தகம் இருந்தது. அதே காலத்துக் கடல் பயணக் குறிப்பு. ஒரு தடவை அதை அனுப்பி முதல் சில பக்கங்களை மட்டும் படிக்கவிட்டிருந்தார். கப்பலில் கலகம், நல்லவனான ஒரு சமையல்காரனைச் சின்னப் படகில் ஏற்றி நடுக்கடலில் விட்டுவிடுகிறார்கள். அவன் ஒரு வாணலியைத் துடுப்பாக வைத்துத் துழாவிக்கொண்டே போகிறான். அந்த இடத்தில் ஃபோன் செய்து, "போதும், குடுத்து அனுப்பு. முதல் புத்தகம் ஒழுங்கா வரட்டும், மிச்சத்தைத் தரேன்" என்று பிடுங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்தச் சமையல்காரன் அவள் மண்டைக்குள் துழாவிக்கொண்டே இருந்தான். கரை சேர்ந்தானா இல்லையா?

முதலாளியும் தெளிவாகச் சொல்லியிருந்தார். "டாக்டர் அடுத்ததைக் கொடுத்தா கப்பல் புத்தக வரிசை உனக்கு. கொடுக்கலேன்னா நீ பழையபடி போட்டித் தேர்வு கைடுக்குப் போயிடு."

ஆகவே ஒட்டடை ஃபோனை எடுத்தாள்.

"டாக்டர், புத்தகம் ஒரே ஒரு நாள் திரும்பக் கிடைக்குமா? சும்மா, ஒரு பக்கம் சரிபார்க்க."

"ஏன்? கிழிச்சுட்டீங்களா?"

"ஐயோ, இல்ல டாக்டர். பிரமாதமா வந்திருக்கு!"

"பிரமாதமா வந்திருந்தா புத்தகம் எதுக்கு? எந்தப் பக்கம்?"

"நாற்பது" என்று வாய் முந்திக்கொண்டது.

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. "நாற்பதா! புள்ளியெல்லாம் ஒழுங்கா விழுந்திருக்கா?"

"அச்சு அசலா, டாக்டர்."

"அப்ப அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. இன்னிக்கே. கண்ணால பார்த்தாத்தான் எனக்குச் சோறு இறங்கும்."

புத்தகத்தைக் கேட்கப் போனவள் கெடுவை வாங்கிக்கொண்டு வந்தாள்.

"நல்லா பேசினே," என்றார் புரூஃப் அண்ணன். "இப்ப என்ன பண்ணப் போறே?"

"முன்னுரையில எங்கெங்க புள்ளின்னு எழுதியிருக்காருல்ல? நீங்க படிங்க. நான் வைக்கிறேன்."

அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "இடது காதுக்குக் கீழ ஒண்ணு. தோள்ல ரெண்டு. தொப்புளுக்கு விரல்கடை மேல ஒண்ணு..."

"யாரு விரல்கடை? மாமா விரலா, டாக்டர் விரலா?"

"மாமா இத்துனூண்டுதானே இருக்காரு. டாக்டர் விரலை வெச்சா புள்ளி தாடைக்குப் போயிடும்."

கம்ப்யூட்டரில் ஒன்பது புள்ளியும் வைத்து முடித்தாள். இருவரும் தள்ளி நின்று பார்த்தார்கள்.

"என்னண்ணே, சரியா இருக்கா?"

"மாமா சட்டைக்குப் பொத்தான் தெச்ச மாதிரி இருக்கு."

உண்மைதான். எல்லாம் ஒரே அளவு, ஒரே வட்டம். முந்நூற்றைம்பது வருடப் புள்ளி இப்படியா கச்சிதமாக இருக்கும்? ஒட்டடை யோசித்தாள். யோசிக்கும்போது அவளுக்கு டீ வேண்டும். டீ வந்தது. டம்ளரையே பார்த்தாள்.

"அண்ணே! டீ!"

"குடி."

"குடிக்க இல்ல."

புள்ளியில்லாத மாமாவைத் தடித்த தாளில் அச்செடுத்து மேசையில் வைத்தாள். அட்டை வரைகிறவரின் மேசையிலிருந்து ஒரு மெல்லிய தூரிகை எடுத்து, டீயில் தோய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள். காதுக்குக் கீழே. தோளில். இப்படி ஒன்பதும். டீ தாளில் ஊறி, ஓரம் கருத்து, நிஜமான பழங்கறை மாதிரியே உட்கார்ந்தது.

"அடேங்கப்பா," என்றார் அண்ணன். "நீ கள்ள நோட்டு அடிக்கப் போயிருக்கலாம்."

ஒட்டடைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டே ஸ்கேனரில் தாளை வைத்தாள். படம் திரையில் வருவதற்கும் முதலாளி கதவைத் திறப்பதற்கும் சரியாக இருந்தது.

"என்ன சிரிப்பு? அட! இதுதான் புள்ளிப் பக்கமா?" முதலாளி குனிந்து பார்த்தார். "இதையா நாற்பதாம் பக்கத்துல ஒளிச்சு வெச்சிருக்கே? இதுதாம்மா அட்டை! இதுதான் போஸ்டர்! அழைப்பிதழ்லயும் இதே ஆளைப் போடு."

"சார், இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி..."

"ஒரு வேலையும் வேணாம். நீ கை வெச்சா துடைச்சுடுவே."

அங்கேயே நின்று திரையைத் தன் ஃபோனில் படம் பிடித்தார். ஃபைலை அச்சகத்துக்கு அனுப்பச் சொல்லி, அது போகும்வரை நகராமல் நின்றார். அவர் போன பிறகுதான் அண்ணன் பென்சிலைத் திரையில் வைத்து எண்ணினார். புரூஃப் பார்க்கிறவர், எண்ணாமல் இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

"ஒட்டடை."

"சொல்லுங்கண்ணே."

"பத்து இருக்கு."

வலது முழங்காலில் ஒரு சின்ன டீத்துளி. சிரித்தபோது தூரிகையிலிருந்து தெறித்தது. மற்ற ஒன்பதைவிட அதுதான் பார்க்க அழகாக வேறு இருந்தது.

அவள் அச்சகத்துக்கு ஃபோன் செய்து ஃபைலை நிறுத்தச் சொல்வதற்குள், அவள் ஃபோனே அடித்தது. டாக்டர்.

"ஏம்மா, உங்க முதலாளி படம் அனுப்பினாரு. முழங்கால்ல என்ன அது?"

ஒட்டடை கண்ணை மூடிக்கொண்டாள். "டாக்டர், அது வந்து..."

"என் புத்தகத்துல அது இல்ல. லென்ஸ் வெச்சுப் பார்த்தேன். இல்லவே இல்ல."

"தெரியும் டாக்டர். நான் என்ன சொல்ல வரேன்னா..."

"நீ சொல்லவே வேணாம், எனக்குப் புரிஞ்சு போச்சு!" டாக்டரின் குரல் உடைந்தது. "மங்கிப் போயிருக்கும்மா! மனுஷன் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கிப் போன புள்ளியை உங்க மெஷின் புடிச்சிருக்கு! பத்தாவது புள்ளி! ஏம்மா, நீ சாதாரண ஆளு இல்ல!"

வைத்துவிட்டார். ஒட்டடை ஃபோனை மேசையில் வைத்தாள்.

"திட்டினாரா?" என்றார் அண்ணன்.

"திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

மறுநாள் காலை முன்னுரைக்குப் பின்னிணைப்பு வந்தது. 'முழங்காற் புள்ளி: ஒரு மறைபொருள்.' முன்னுரையைவிட நீளம். முதலாளி அறையிலிருந்து துள்ளிக்கொண்டு வந்தார்.

"கேட்டியா? வெளியீட்டு விழாவுக்கு ரிட்டயர்டு கப்பல் டாக்டருங்க அத்தனை பேரையும் கூப்பிட்டிருக்காராம். மேடையிலயே எல்லாருக்கும் முழங்கால்ல அழுத்திக் காட்டப் போறாராம்! இன்னும் ஆயிரம் பிரதி சேர்த்து அடிக்கச் சொல்லிட்டேன்."

முதலாளி போனதும் ஒட்டடை பையை எடுத்து மாட்டினாள்.

"எங்க கெளம்பிட்டே?"

"டாக்டர் வீட்டுக்கு. நேர்ல உண்மையைச் சொல்லிடறேன். இல்லாத புள்ளியை நம்பி வயசானவங்க முழங்காலை எல்லாம் போட்டு அமுக்கப் போறாரு அண்ணே. என்னால முடியல."

"சொன்னா அடுத்த புத்தகம் வராது. உன் சமையல்காரன் கடலோட போயிடுவான்."

ஒட்டடை கதவைத் திறந்தாள். "போகட்டும்," என்றாள். ஆனால் அதைச் சொல்லும்போது வாணலி தண்ணீரில் துழாவும் சத்தம் அவளுக்குக் கேட்கத்தான் செய்தது.

டாக்டரை அன்றுதான் முதன்முதலாக நேரில் பார்த்தாள். தலைமுடி பஞ்சு மாதிரி வெளுத்திருந்தது. மீசை மட்டும் கன்னங்கரேல் என்று விறைத்து நின்றது. மேசையில் அசல் புத்தகம் நாற்பதாம் பக்கத்தில் திறந்து கிடந்தது. அசல் மாமா, அசல் ஒன்பது புள்ளிகளோடு, அவளைப் பார்த்துச் சிரித்தார். டாக்டரின் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா, வா! உட்காரு!"

"டாக்டர், அந்த முழங்கால் புள்ளி..."

"அதைத்தான் நானும் சொல்ல வரேன்!" டாக்டர் வேட்டியைக் கொஞ்சம் தூக்கித் தன் முழங்காலைக் கட்டைவிரலால் ஓங்கி அழுத்தினார். "நேத்துலேர்ந்து அழுத்துறேன். பத்து வருஷ முதுகுவலி. போன இடம் தெரியல!"

ஒட்டடை விடவில்லை. "அது உண்மையான புள்ளி இல்ல டாக்டர். நான்..."

"உண்மை இல்லேன்னா முதுகு எப்படி நிமிர்ந்துச்சு? இதோ பாரு!" விறைப்பாக எழுந்து நின்று காட்டினார். "அடக்கம் நல்லதுதாம்மா, அதுக்குன்னு இவ்வளவா? இரு, உனக்கு ஒண்ணு வெச்சிருக்கேன்."

அலமாரியைத் திறந்து, துணியில் சுற்றிய பொட்டலத்தை எடுத்து அவள் மடியில் வைத்தார். பயணக் குறிப்பு. ஒட்டடை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சமையல்காரன் என்ன ஆனான் டாக்டர்?" என்று கேட்டுவிட்டாள். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டாள்.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "அதைப் புத்தகம் சொல்லல. படகைத் திரும்பிப் பார்த்தோம், காணோம், அவ்வளவுதான் எழுதியிருக்கான். ஆனா கடைசிப் பக்கத்துல கடல் வரைபடம் இருக்கு. இதோ." விரித்தார். "அவனை விட்ட இடம் இது. பக்கத்துலயே பாரு, ரெண்டு குட்டித் தீவு. வேற எந்தக் காலத்து வரைபடத்துலயும் இந்தத் தீவுங்க இல்ல. எனக்குச் சந்தேகமே இல்லம்மா. அவன் அங்கதான் கரையேறியிருக்கான்!"

ஒட்டடையின் கண் கலங்கிவிட்டது. நடுக்கடலில் இரண்டு கருப்புத் தீவுகள். கரை சேர்ந்துவிட்டான்!

அதற்கு மேல் டாக்டர் அவளைப் பேசவிடவில்லை. விழாவில் பேசப்போவதை முழுக்கப் பேசிக் காட்டி, முழங்காலை இன்னும் நாலு தடவை அழுத்தி, அவள் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்து அனுப்பினார். அவர் மனைவி வாசல் வரை கூட வந்தார்.

கேட்டின் அருகில் ஒட்டடைக்குத் தாங்கவில்லை. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படபடவென்று கொட்டிவிட்டாள்.

"அம்மா, நீங்களாவது அவர்கிட்ட சொல்லிடுங்க. அந்த முழங்கால் புள்ளி பழசே இல்ல. அது என் டீ. புத்தகத்தைத் திருப்பி வாங்கிக்கிட்டாலும் பரவாயில்ல, எனக்கு மனசு கேக்கல."

அந்த அம்மாள் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, கேட்டை மெதுவாகச் சாத்தினார்.

"முழங்கால் உன் வேலைன்னு படத்தைப் பார்த்ததுமே தெரியும்மா. மத்த ஒன்பதும் அவரு படிச்சிக்கிட்டிருக்கறப்ப மீசைக்கு நான் மை அடிச்சுவிட்டதுல தெறிச்சது, அந்தத் தீவு ரெண்டும் போன வாரம்."