வாழைத்தண்டுக்கு நாடி எழுபத்தெட்டு

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. செய்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஏலக்காய் சலிக்கிற மெஷினை வெளியூரிலிருந்து லாரியில் ஏற்றி வந்துகொண்டிருந்த காலத்தில், பழைய இரும்புக் கட்டிலின் சட்டம், கிரைண்டர் மோட்டார், சைக்கிள் செயின் இவற்றை வைத்து நானே ஒன்று செய்தேன். (முதல் நாள் அது ஏலக்காயை விட்டுவிட்டுச் சுவரை நோக்கி நடந்து போனது. மறுநாள் தரையில் போல்ட் போட்டு முறுக்கினேன். இன்றுவரை நிற்கிறது.) தோட்டத்துக் கிணற்று மோட்டாரைக் கட்டிலில் படுத்தபடி செல்போனில் ஓடவிட்டதில் எங்கள் தெருவில் நான்தான் முதல். போடியில் எனக்கென்று ஒரு கிட்டங்கி. மூட்டை அடுக்க ஒரு பக்கம், சலிக்க ஒரு பக்கம், அதில் வைஃபை வேறு. யாரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்தார்கள், அவர்களையும் தாண்டித்தான் வந்தேன்.

இவ்வளவு பெரிய மூளை ஒரு நாள் மத்தியானம் வாழைத்தண்டிடம் தோற்ற கதை இது.

எனக்குச் சர்க்கரை. டாக்டர் தினமும் பத்தாயிரம் அடி நடக்கச் சொன்னார். என் மகள் தேன்மொழிக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருந்தது. கைக்கடிகாரத்துக்கு மூளை எழுதுகிற கம்பெனி. அடி எண்ணும், நாடி பார்க்கும், ஆள் விழுந்தால் வீட்டுக்குச் சேதி அனுப்பும், அந்த மாதிரிக் கடிகாரம். அதில் ஒன்றை வாங்கி என் கையில் கட்டிவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள்.

"அப்பா, நீங்க நடக்குறது எனக்கு என் போன்லயே தெரியும். ஒரு வாரம் பாப்பேன். ஒழுங்கா நடந்தா நான் வேலைக்குப் போறேன். இல்லைன்னா போகலை. ஒங்கள இப்பிடியே விட்டுட்டு அங்கன போய் என்னால ஒக்கார முடியாது."

எங்கள் வகையறாவில் கம்ப்யூட்டர் படித்து வேலை வாங்கிய முதல் பெண் அவள். என் சோம்பலால் அந்த வேலை போனால் நான் எந்த முகத்தோடு கடைவீதியில் நடப்பது? (நடப்பதே இல்லை என்பது வேறு விஷயம்.)

இந்த இடத்தில் உழைப்பைப் பற்றிய என் கொள்கையைச் சொல்ல வேண்டும். உடம்பு செய்கிற வேலையை மெஷினிடம் கொடுப்பதுதான் முன்னேற்றம். மாவாட்டக் கிரைண்டர் வந்தது, துணி துவைக்க மெஷின் வந்தது. நடப்பதை மட்டும் மனுசனே நடக்க வேண்டும் என்றால் அது என்ன நியாயம்? சலிக்கிற மெஷினில் ஒரு கை முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே இருக்கும். கடிகாரத்தை அதில் கட்டினேன். அடி ஏறியது. ஆனால் நாடி வரவில்லை. இரும்புக்கு ஏது நாடி?

விஞ்ஞானி அசரலாமா? கட்டையில் சுற்றிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. வெள்ளரிக்காயில் சுற்றினேன், அறுபத்தொன்று காட்டியது. (கொஞ்சம் பலவீனம்.) என் சர்க்கரைக்காக வீட்டில் தினமும் வாழைத்தண்டுப் பொரியல்தான். அதில் ஒரு முழத் துண்டை எடுத்துவந்து சுற்றினேன். எழுபத்தெட்டு. வாலிபனின் நாடி. தண்டை மெஷினின் கையோடு சேர்த்துச் சணலால் கட்டினேன்.

ஆறு நாள் தண்டு எனக்காக நடந்தது. தேன்மொழிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பன்னெண்டாயிரம் அடியா? அசத்துறீகப்பா" என்றாள். நான் அடக்கமாக, "ஏதோ முடிஞ்சதுத்தா" என்றேன்.

ஏழாம் நாள் பன்னிரண்டு மணி பஸ்ஸில் அவள் கிளம்பினாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வேலையில் சேர வேண்டும். அவளை ஏற்றிவிட்டு நான் கிட்டங்கிக்கு வந்தேன். சலிக்கிற பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மெஷினை ஓடவிட்டு, தண்டை நடக்கவிட்டு, நான் கேம் ஆட உட்கார்ந்தேன்.

கேம் விளையாட்டுப் பிள்ளைகளுக்கானது என்பார்கள். நான் ஒப்ப மாட்டேன். வயசானவனுக்குக் கையும் கண்ணும் மூளையும் ஒன்றாக வேலை செய்ய அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. நானும் குமுளியில் மிளகு வியாபாரம் பார்க்கும் என் நண்பர் வர்க்கீஸும் ஒரே அணி. துப்பாக்கியோடு ஓடுகிற கேம். அதில் சுடப்பட்டால் உடனே சாவதில்லை. தரையில் கிடப்போம், உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அதற்குள் கூட்டாளி வந்து நம்மைத் தூக்கிவிட வேண்டும்.

அன்றைக்குக் கேமில் ஒரு கிட்டங்கிக்குள் ஒளிந்திருந்தேன். எவனோ சுட்டுவிட்டான். கிடக்கிறேன். வர்க்கீஸைக் கூப்பிட வாயைத் திறந்தேன், கரண்ட் போய்விட்டது. வைஃபையும் போனது. என் குரல் அவருக்குப் போகவில்லை. அவசரத்தில் போன் நெட்டைப் போட்டு, வாட்ஸப்பைத் திறந்து குரல் பதிவு அனுப்பினேன்:

"உசுரு கொஞ்சந்தான் இருக்கு. கிட்டங்கியிலதான் கிடக்கேன். சீக்கிரம் வந்து தூக்குங்க."

அது வர்க்கீஸுக்குப் போகவில்லை. எங்கள் குடும்பக் குரூப்புக்குப் போனது.

கரண்ட் போனபோது மெஷினும் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றிருக்கிறது. ஆறு நாள் ஆட்டத்தில் இளகிப்போன சணல் அறுந்து, தண்டு சிமெண்டுத் தரையில் விழுந்திருக்கிறது. விழுந்த வேகத்தில் கடிகாரத்தின் பட்டை நெகிழ்ந்து நாடியும் நின்றிருக்கிறது. கடிகாரம் 'நலமா?' என்று கேட்டிருக்கிறது. தண்டு பதில் சொல்லவில்லை. ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடிகாரம் என் மகளுக்கும் என் மனைவி ஈஸ்வரிக்கும் சேதி அனுப்பியது: பலமாக விழுந்துள்ளார். அசைவு இல்லை. நாடி இல்லை.

இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கரண்ட் இல்லை, புழுக்கம், தூக்கம் வருகிறது. கேம் ஆடும்போது போன் அழைப்பு வராமல் அமுக்கி வைப்பது என் வழக்கம். அப்படியே ஏலக்காய் மூட்டைகள் மேல் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினேன்.

விழிப்பு வந்தபோது தலைமாட்டில் ஈஸ்வரி அழுதுகொண்டிருந்தாள்.

"தங்கமான மனுசனாச்சே... ஒரு சொல்லு கடிஞ்சு பேசுவாகளா? இந்தக் கையால எத்தன மெசினு செஞ்சாக..."

கலியாணம் ஆனதிலிருந்து என்னைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தைகள். அதனால் உடனே கண்ணைத் திறக்கவில்லை. (யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.) இன்னும் இரண்டு வரி வரும் என்று காத்திருந்தேன். மூக்கில் ஏலக்காய்த் தூசி ஏறித் தும்மிவிட்டேன்.

ஈஸ்வரி அழுகையை நிறுத்தி என்னை உற்றுப் பார்த்தாள். "முழிச்சுக்கிட்டுத்தான் கேட்டுக்கிட்டு இருந்தீகளா?" அந்தப் பார்வைக்கு உண்மையிலேயே செத்திருக்கலாம். போனை எடுத்து, குடும்பக் குரூப்பில் வந்த என் குரலை எனக்கே போட்டுக் காட்டினாள்.

அதற்குள் வடுகபட்டியிலிருந்து அவள் தம்பி காரில் வந்து இறங்கினான். கையில் ஆளுயர மாலை.

"ஏலே, உசுரு கொஞ்சம் இருக்குன்னுதானே சொன்னேன். அதுக்குள்ள மாலையா?"

"வழியில வாங்குனா நல்லதாக் கிடைக்கும்னு வாங்கிட்டேன், மாமா" என்றான். எங்கே வைப்பது என்று தெரியாமல், கடைசியில் அதை என் மெஷினுக்குப் போட்டான்.

சாப்பிட்டுத் திரும்பிய பேச்சியம்மாள் மெஷினுக்கு அடியில் குனிந்தாள். எங்களிடம் ரொம்ப நாளாகச் சலிக்கிறவள், வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, ஒங்க வாச்சு தண்டைக் கட்டிக்கிட்டு இங்கன கிடக்கு."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. தேன்மொழி. வத்தலக்குண்டில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி, வழியெல்லாம் அழுதுகொண்டே திரும்பி வந்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள், தண்டைப் பார்த்தாள்.

"அப்பா, இந்த ஆறு நாளும் நான் பாத்த நாடி யாருது?"

நான் தண்டைக் காட்டினேன்.

அவள் கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். பையைத் தரையில் வைத்துவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்தாள். "நான் போகலைப்பா. ஒங்கள நம்பி எப்பிடிப் போறது?" என்றாள். ஈஸ்வரி என்னைப் பார்த்தாள். மச்சினன் பார்த்தான். எல்லா வேலைக்கும் எனக்கு ஒரு மெஷின் தெரியும், இதைச் சரிசெய்ய மட்டும் எந்த மெஷினும் தெரியவில்லை.

கடிகாரத்தைத் துடைத்து என் கையில் கட்டிக்கொண்டேன். அவள் பையைத் தூக்கினேன்.

"எந்திரி ஆத்தா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வாரேன். போனை எடுத்துக் கையில வச்சுக்கிட்டுக் கூடவே வந்து எண்ணு. நாளைக்கும் நடப்பேன், நாளான்னைக்கும் நடப்பேன். ஒரு நாள் நடக்கலைன்னா அன்னைக்கே நீ திரும்பி வந்துரு."

அவள் போனைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். போடி கடைவீதியில் நாங்கள் போன காட்சியை நினைத்துப் பாருங்கள். முன்னால் பையோடு நான், பக்கத்தில் போனைப் பார்த்தபடி மகள், பின்னால் அழுது வீங்கிய முகத்தோடு மனைவி, சேதி கேட்டு வந்த சொந்தக்காரர்கள் இருபது பேர். ஊர்வலம் சரியாகத்தான் இருந்தது. பிணம்தான் முன்னால் நடந்துகொண்டிருந்தது. கடைக்காரர் ஒருவர் என்னிடமே வந்து, "யாருண்ணே தவறிட்டாக?" என்று கேட்டார். "தண்டு" என்றாள் பேச்சியம்மாள்.

மூவாயிரத்து இருநூறு அடி. நாடி நூற்றுப் பதினெட்டு. "இது ஆளுதான்" என்று தேன்மொழி சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் ஏறினாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வேலையில் சேர்ந்தும்விட்டாள்.

சேர்ந்த அன்று கம்பெனியில், கண் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். சிரித்து முடித்த மேலதிகாரி, மனுசக் கைக்கும் வாழைத்தண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதையே அவளுக்கு முதல் வேலையாகக் கொடுத்துவிட்டார். இப்போது அவள் எழுதிய மூளையோடு புதுக் கடிகாரம் வந்திருக்கிறது. தண்டில் கட்டிப் பார்த்தேன், 'கையில் அணியவும்' என்கிறது. வெள்ளரிக்காயும் தப்பவில்லை. அவளுக்கு அங்கே நல்ல பேர். எனக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, தினமும் நடக்கிறேன். நான் நடந்துவிட்டு வந்து கதவைத் தட்டினால் ஈஸ்வரி உள்ளேயிருந்து, "வந்திருக்கிறது ஆளா, தண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் திறக்கிறாள். சொந்தக்காரர்கள் போன் பண்ணினாலும் அதே கேள்விதான்.

கேட்கட்டும். ஆனால் ஒன்று. அந்தக் கடிகாரத்தில், செய்தவர்கள் பெயர்கள் என்று ஒரு பக்கம் இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாக மூன்று தடவை பார்த்தேன். என் மகள் பேர் இருக்கிறது, என் பேர் இல்லை. அந்தக் குறையைக் கண்டுபிடித்தது யார்? ஆறு நாள் விடாமல் சோதனை செய்து காட்டியது யார்? தேன்மொழியிடம் சொன்னால், "கேட்டுப் பாக்குறேன்ப்பா" என்று இழுக்கிறாள். இழுக்கிற வேலையே வேண்டாம். அடுத்த தடவை அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது என் பேர் இனிஷியலோடு, தமிழில், முதல் வரியில் இருக்க வேண்டும்.