மூன்று மதமும் அரை வடையும்

ஓயாமல் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறவனை நம்பாதீர்கள். ஒன்று, அவன் பொய் சொல்கிறான். இல்லையென்றால் பசியில் இருக்கிறான். நான் இரண்டாவது ரகம்.

அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் ஒரு மல்லாட்டை மண்டியில் மூட்டை எடை போடும் வேலை எனக்கு. (மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் ஊரில் வந்து வேர்க்கடலை என்று கேட்டால் வெளியூர்க்காரன் என்று தெரிந்து விலையை ஏற்றிவிடுவார்கள்.) வயது இருபத்திரண்டு. உடம்பு ஒட்டடைக்குச்சி. வாய் மட்டும் ராஜகிரி மலை. டீ குடிக்கிறவனைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். சீட்டாடுகிறவனைக் கண்டால் கோபம் வரும். ரேடியோவில் காதல் பாட்டு போட்டதற்காக ஒரு சைக்கிள் கடைக்காரனோடு சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டேன். டூரிங் டாக்கீஸ் வாசலில் நின்று, டிக்கெட் வாங்க வந்தவனிடம், "உன் வீட்ல தாய், தங்கச்சி இல்லியா?" என்று கேட்டேன்.

"இருக்காங்களே. அதோ, பொம்பளைங்க வரிசையில நிக்கிறாங்க" என்றான்.

இவ்வளவு கோபத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. அதன் பெயர் சரோஜா.

சரோஜா பனமலைப் பெண். என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகள். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு மீசை முளைத்த நாளிலிருந்து ஆசை. நடுவில் அவளுடைய அப்பா உட்கார்ந்திருந்தார். மாமா பொல்லாத ஒழுக்கக்காரர். காபி கிடையாது, வெற்றிலை கிடையாது, சிரிப்பும் கிடையாது. சரோஜாவைக் கேட்டு வந்த ஒரு மாப்பிள்ளை ஏரிக்கரையில் விசில் அடித்தான் என்று வேண்டாம் என்றுவிட்டார். இன்னொருவன் பஸ் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரினானாம். அவனும் போனான்.

நான் விசில் அடிப்பதை நிறுத்தினேன். தலை வாருவதையும் நிறுத்தினேன். முதலில் சரோஜாவுக்காகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் அடுத்தவனைத் திட்டுவதில் ஒரு போதை இருக்கிறது பாருங்கள், கள்ளுக்கடையில்கூட அது கிடைக்காது. படிப்பகத்தில் இருந்த நீதி நூல்களை எல்லாம் உருப்போட்டுக்கொண்டு, மண்டிக்கு மூட்டை கொண்டு வரும் குடியானவர்களிடம் ஒப்பித்தேன். எடை போட்டால் போதும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நான் அதை மரியாதை என்று நினைத்தேன்.

எனக்கு இரண்டு நண்பர்கள். தரணேந்திரன் மேல்சித்தாமூர்க்காரன், சமணக் குடும்பம். எங்கள் மண்டிக்கு அவன் வீட்டு மல்லாட்டைதான் பாதி வரும். அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபிறகு அடுப்பு எரியாது, வெங்காயம் கிழங்கு எதுவும் உள்ளே வராது. இன்னொருவன் கவுஸ். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தான். அந்த வருஷம் மார்கழியும் ரம்ஜானும் ஒன்றாக வந்தன. கவுஸ் நோன்பில் இருந்தான். அதனால் அளவு எடுக்கும்போது சத்தம் போடாமல் இருந்தான். அவ்வளவுதான் வித்தியாசம். அவன் நோன்பு இருப்பதே நமக்குத் தெரியாது. தரணேந்திரனும் அப்படித்தான். ஆறு மணிக்கு மேல் யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் "ஆச்சுப்பா" என்பான். ஏன் என்று விளக்கம் சொல்ல மாட்டான்.

நான் சொல்வேன். படிப்பகத்து மார்கழிக் கூட்டத்தில் எழுந்து நின்று முழங்கினேன். "எல்லா மதமும் வயித்தைக் கட்டுன்னுதான் சொல்லுது! எவனாவது ஒழுங்கா கட்டுறானா? நாளையிலேர்ந்து மார்கழி முடியற வரைக்கும் மூணு மதத்துக் கட்டுப்பாட்டையும் நான் ஒருத்தனே கடைப்பிடிச்சுக் காட்டுறேன்!"

பலமாகக் கை தட்டினார்கள். தட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னிடம் திட்டு வாங்கியவர்கள். அவர்களுக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று நான் யோசிக்கவில்லை. கூட்டத்தில் பனமலைக்காரர் ஒருவர் இருந்தார். சேதி மாமாவுக்குப் போய்விடும் என்பது மட்டும்தான் என் கணக்கு.

மறுநாள் விடியலில் பச்சைத் தண்ணீரில் குளித்து, பஜனையில் தொண்டை கிழியப் பாடிவிட்டு மண்டிக்குப் போனேன். நண்பர்கள் இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"டேய் தாமோதரா, நீ எப்ப சாப்புடுவே?" என்றான் தரணேந்திரன்.

"எப்ப சாப்புடணுமோ அப்ப."

"எங்க கணக்குல சூரியன் இருக்கிறப்பதான் சாப்புடணும். பொழுது போச்சுன்னா தண்ணிகூட கிடையாது."

"எங்க கணக்குல சூரியன் இருக்கிறப்ப தண்ணிகூட கிடையாது. விடியறதுக்கு முன்னாடி சாப்டுக்கணும், இல்ல பொழுது போனதும் சாப்டுக்கணும்" என்றான் கவுஸ்.

"அதுக்கு இன்னா இப்போ?"

"இன்னாவா? ரெண்டையும் சேத்தா உனக்குச் சாப்பாட்டு நேரமே இல்லடா!"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் கை தட்டல் இன்னும் காதில் இருந்தது. "அப்போ சாப்புட மாட்டேன்" என்றேன்.

தரணேந்திரன் நல்ல மனசுக்காரன். எனக்காக ஒரு வழி கண்டுபிடித்தான். செஞ்சியில் பொழுது சாயும் முன்பே சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் போய்விடும். வெளிச்சம் மட்டும் இருக்கும். "அந்த நேரத்துல சாப்டுக்கோ. வெளிச்சம் இருக்குது, எனக்குப் பகல். சூரியன் இல்ல, கவுஸுக்கு ராத்திரி."

"அதெல்லாம் செல்லாது. பள்ளிவாசல்ல பாங்கு சொன்னாத்தான்" என்றான் கவுஸ். அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டான். "இன்னாபா இது வீம்பு? எங்கள்ல உடம்பு சரியில்லாதவனுக்கு நோன்பு கட்டாயமில்ல. பிரயாணம் போறவன் அப்புறமா புடிச்சுக்கலாம். ஆண்டவனே விட்டுக் குடுக்கிறான், நீ யாரு?"

"சலுகை எல்லாம் சோம்பேறிக்கு" என்றேன். கடவுளைவிட நான் கண்டிப்பானவன் என்று சொல்லிவிட்டு ஒரு மூட்டையைத் தூக்கினேன். அது என்னைக் கீழே இழுத்தது.

அன்று சாயங்காலமே சேதி வந்தது. மறுநாள் சிங்கவரம் ரங்கநாதரைச் சேவித்துவிட்டு வருகிற வழியில் மாமா குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வருகிறார். மார்கழியில் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள், அதனால் சும்மா வருகிறாராம். சும்மா என்றால் என்ன என்று எங்கள் தெரு நாய்க்குக்கூடத் தெரியும்.

"உன் கூத்து நல்லதுக்குத்தான் போலிருக்குது. நாளைக்கு ஒரு நாள் ஒழுங்கா இருந்துட்டியானா தை பொறந்ததும் பேசி முடிச்சுடலாம்" என்றார் நைனா, என் அப்பா. அம்மா மட்டும், "ஒரு வாய் கஞ்சி குடிடா" என்று பின்னாலேயே வந்தாள். "சரோஜா வேணுமா, கஞ்சி வேணுமா?" என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கஞ்சி என்று பதில் வந்தது. அதை அடக்கினேன்.

மறுநாள் மத்தியானம் கழிந்து அவர்கள் வந்தபோது என் காலுக்குக் கீழே தரை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மாமா கூடத்தில் பாயில் உட்கார்ந்தார். என்னை எதிரே உட்கார வைத்தார். அத்தை சுவரோரம். சரோஜா கதவுக்குப் பின்னால். ஒரு கண்ணும் அரைச் சடையும்தான் தெரிந்தன.

"காபி?" என்றார் மாமா.

"தொட்டதில்ல மாமா."

"சினிமா?"

"டாக்கீஸ் இருக்கிற தெருவுல நடக்கிறதில்ல." (பொய். வாசலில் நின்று திட்டுவதற்குத் தினமும் போவேன்.)

மாமாவின் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு வந்தால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன். "மூணு மதத்துக் கட்டுப்பாடுன்னு சொன்னாங்களே, அதைச் சொல்லு."

கெட்டது காரியம். நான் ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா மசால்வடைத் தட்டையும் ஒரு சொம்பு மோரையும் கொண்டு வந்து மாமா முன்னால் வைத்தாள். மாமாவின் ஒழுக்கத்தில் வடைக்கு மட்டும் இடம் இருந்தது. அது தெரிந்து அம்மா வெங்காயத்தை அள்ளிப் போட்டுச் சுட்டிருந்தாள். வாசனை கூடத்தை நிறைத்தது. மாமா ஒரு வடையை எடுத்துப் பாதி கடித்தார். மீதியைத் தன் தட்டில் வைத்துவிட்டு, "ம், சொல்லு" என்றார்.

நான் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். "மனுஷனுக்குப் புலனடக்கம் வேணும் மாமா. கண்ணு பாக்கும், மூக்கு இழுக்கும், ஆனா கை நீளக் கூடாது. கை நம்ம சொன்னபடி கேக்கணும்..."

கை நீண்டது. சத்தியமாக நான் நீட்டவில்லை. மாமாவின் தட்டுக்குப் போய், அவர் கடித்து வைத்த பாதி வடையை எடுத்து, என் வாயில் போட்டது. நான் பேச்சை நிறுத்தவும் இல்லை. மென்றுகொண்டே, "அடக்கம்தான் மாமா முக்கியம்" என்றேன். அப்புறம் அவர் தட்டில் மிச்சமிருந்த முழு வடையையும் எடுத்தேன். அவர் சொம்பில் இருந்த மோரையும் குடித்தேன். அடியில் கிடந்த கறிவேப்பிலையை விரலால் வழித்தேன்.

அடுத்த வீட்டில் ஆடு கத்தியது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வெங்காயம் தின்றாயிற்று. பொழுது இன்னும் சாயவில்லை. அதுவும் பெண்ணைப் பெற்றவரின் எச்சில், நம் ஆசாரமும் போயிற்று. ஒரே வடையில் மூன்று மதத்துக்கும் துரோகம் செய்தவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மாமா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "கிளம்பு" என்றார் அத்தையிடம்.

நைனா, "மச்சான், பசி மயக்கம்..." என்று பின்னால் ஓடினார். சரோஜா போய்விட்டாள் என்று உட்கார்ந்த இடத்திலேயே தலையைத் தொங்கப் போட்டேன்.

அத்தை எழவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவள் குலுங்குவதைப் பார்த்தேன். அழுகிறாள் என்றே நினைத்தேன். இல்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்தாள்.

"உக்காருங்க."

"இன்னாடி சொல்றே? எச்சிலைத் திங்கிறான்!"

"திங்கட்டும். நீங்க ரெண்டு பேரை வேணாம்னீங்க, நான் வாயைத் தொறக்கல. இந்தப் புள்ளையைப் பத்திக் கேட்டப்பதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. உங்களை மாதிரியே இன்னொண்ணு. நான் பட்டது போதாதுன்னு எம் பொண்ணும் பட்டுச் சாகணுமான்னு ராத்திரியெல்லாம் தூங்கல. இப்பதான் மூச்சு வருது. பசிச்சா திங்கிறானே, அது போதும்." அப்புறம் உள்பக்கம் திரும்பி, "நாத்தனாரே, புள்ளைக்கு இன்னும் ரெண்டு வடை போடுங்க" என்றாள்.

கதவுக்குப் பின்னால் சரோஜா சிரித்தது கேட்டது. தெருவுக்கே கேட்டிருக்கும்.

மாமா உட்காரவில்லை. வாசலில் போய் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார். பெண்டாட்டி தன்னை எதிர்த்துப் பேசியதை அவர் அன்றுதான் முதல்முதலாகக் கேட்டார் என்று பிற்பாடு தெரிந்தது. தையில் ஒத்துக்கொள்ளவில்லை, மாசியில் ஒத்துக்கொண்டார். கல்யாணப் பந்தியில் எனக்கு எட்டாத தூரமாகப் பார்த்து இலை போட்டுக்கொண்டார். கவுஸ்தான் கல்யாணச் சட்டை தைத்தான். இடுப்பை ரொம்பத் தாராளமாக விட்டிருந்தான். "இனிமே நீ சாப்புடுவேன்னு நம்பிக்கைபா" என்றான்.

அதன்பிறகு நான் யாரையும் டாக்கீஸ் வாசலில் மறிக்கவில்லை. கோபம் மட்டும் போகவில்லை, அது பிறவிக்குணம். இன்றைக்கும் வீட்டில் சண்டை போட்டால், "எனக்கு ஒண்ணும் வேணாம், சாப்பாட்டை எடுத்துக்கினு போ" என்று கத்துவேன். சரோஜா பதறமாட்டாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள், பேரன் பேத்திகள் எல்லோரும் கேட்கும்படி ஒன்றே ஒன்று கேட்பாள்.

"இன்னிக்கு எந்த மதம்?"

நான் உட்கார்ந்து சாப்பிடுவேன்.