பாத்திரம், இடம், சிக்கல், முடிவு

பிள்ளைகளிடம் "நடந்ததைச் சொல்லு" என்று எந்த ஆசிரியரும் கேட்கக் கூடாது. சொல்லிவிடுவார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பி.எட். மாணவி. கற்பித்தல் பயிற்சிக்காகச் செக்காலைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பைக் கொடுத்திருந்தார்கள். எனக்கு மார்க் போடக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் தமிழாசிரியை ஸ்டெல்லா டீச்சர். முந்தின ஞாயிறு என்னைப் பெண் பார்க்க வந்த சாக்கோட்டை மாப்பிள்ளைக்கு அவர் பெரியம்மா. எங்கள் வீட்டில் மட்டன் குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்.

அன்றைய பாடம், கதையின் அடிப்படைக் கூறுகள். பாத்திரம், இடம், சிக்கல், முடிவு என்று சார்ட் ஒட்டி, உலக இலக்கியமே நான் போட்ட பிச்சை என்பதுபோல் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். பிறகு, அவரவர் தெருவில் நடந்த ஒன்றை இந்த நான்கையும் வைத்துச் சொல்லச் சொன்னேன்.

தச்சர் வீட்டு மீனா எழுந்தாள். எங்கள் தெருக்காரி. (அங்கேயே மணி அடிக்க ஓடியிருக்க வேண்டும். நான் பெருமையாகத் தலையாட்டினேன்.)

"பாத்திரம், ஒரு டீச்சரக்கா. அப்புறம் ஒரு தூக்குவாளி."

அந்தப் பாத்திரம் வேறு என்று திருத்தப் போனேன். அதற்குள் இடம் வந்துவிட்டது: அக்கா வீட்டுப் பின்வாசல். மாப்பிள்ளை வீட்டார் முன்வாசலில் செருப்பைக் கழற்றும்போது, மீனாவின் அம்மா பின்வாசல் வழியாக மெஸ் குழம்பைக் கொண்டுவந்து கொடுத்தாராம். அக்காவுக்கு வெந்நீர் தவிர வேறெதுவும் வைக்கத் தெரியாதாம்.

"சிக்கல் என்னன்னா டீச்சர், மாப்பிள்ளையோட பெரியம்மா 'பொண்ணு கைப்பக்குவம் நல்லாருக்கு'ன்னு சொல்லிட்டாக. அக்காவும் ஆமான்னுருச்சு."

என் கையில் சாக்பீஸ் ஒடிந்தது. கடைசி பெஞ்சைத் தவிர அந்த அறையில் இருந்த எல்லாவற்றையும் பார்த்தேன்.

ஸ்டெல்லா டீச்சர் எழுந்தார். "முடிவச் சொல்லலையே, பாப்பா?"

"இன்னும் வரலை டீச்சர். மாப்பிள்ளை வீட்லதான் சொல்லணும்."

மணி அடித்ததும் வராந்தாவில் என்னைப் பிடித்தார். கல்யாணமும் போச்சு, பட்டமும் போச்சு என்று நான் கண்ணைத் துடைத்தபடி நின்றேன். பிள்ளைகளுக்குப் பாடம் நன்றாகவே புரிந்திருக்கிறது என்றார். அப்புறம் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மெஸ்ஸு எங்குட்டு இருக்கு?"

கல்யாணம் நடந்தது. ஆனால் சர்ச்சில் எங்கள் கல்யாண அறிவிப்பை வாசிப்பதற்குள் பெரியம்மா இந்தக் கதையைச் சாக்கோட்டை முழுக்க வாசித்து முடித்திருந்தார். இன்றும் நான் பரிமாறினால் என் கணவர் சாப்பிடுமுன் பின்வாசலை ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். சமையல் நன்றாக அமைந்த நாளில், கதவைத் திறந்து தெருவரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.